சமன்குறி போட்டுச் சொல் படிக்காதீர்கள்

"திருகோணமலை, கோணேசர் கோவிலுக்கு நொட்டோரியஸ் ஆன ஊர்" என்று என்னிடம் ரியூசன் படிக்கும் உயர்தரப் பிள்ளை ஒருத்தி ஆங்கிலக் கட்டுரையில் எழுதியிருந்தாள். இலக்கணம் சரி, எழுத்துக்கூட்டல் சரி. அவளுடைய சொற்கொப்பியை வாங்கிப் பார்த்தேன். இடப்பக்கம் நொட்டோரியஸ், நடுவில் சமன்குறி, வலப்பக்கம் 'பிரசித்தமான'. அந்தச் சொல்லோ கெட்ட பெயர் எடுத்தவர்களுக்கு உரியது. கடத்தல்காரனுக்குச் சொல்லலாம், அடிக்கடி விபத்து நடக்கும் வளைவுக்குச் சொல்லலாம். கோவிலுக்குச் சொன்னால், அங்கே ஏதோ தகாதது நடந்திருக்கிறது என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். நல்ல பெயருக்கு 'ரினௌண்ட்' என்று வேறு சொல் இருக்கிறது.

பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். குறை அந்தச் சமன்குறியில் இருக்கிறது. கொப்பிகளில் நான் அதிகம் கண்ட பிழை இது. மற்றப் பிழைகள் பலவும் இதன் வயிற்றில் பிறந்தவை.

நம் தீவின் பெயரிலிருந்தே பிறந்த ஒரு சொல்லைப் பாருங்கள்: 'செரண்டிப்பிட்டி'. அரபு, பாரசீக வணிகர்கள் இலங்கையைச் செரண்டிப் என்றார்கள். செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள் பற்றிய பழைய பாரசீகக் கதையை மனதில் வைத்து, ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754 ஜனவரியில் ஒரு கடிதத்தில் இந்தச் சொல்லை ஆக்கினார். மனப்பாடப் பட்டியல்களில் இதற்கு 'அதிர்ஷ்டம்' என்று போட்டிருப்பார்கள். லொத்தர் விழுந்தால் அது அதிர்ஷ்டம், செரண்டிப்பிட்டி ஆகாது. ஒன்றைத் தேடிப் போன இடத்தில் தேடாத நல்லது ஒன்று கைக்கு வரவேண்டும். அதை நல்லதென்று கண்டுகொள்ளும் கூர்மையும் வேண்டும். 1950இல் கோணேசர் கோவிலுக்குக் கிட்டக் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய திருவுருவங்கள் வெளிவந்தன. தேடியது தண்ணீர், கிடைத்தது சுவாமி. இந்தச் சம்பவத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஒற்றை விடை தேடவே தேவையில்லை.

அடுத்தது, சொல்லின் கூட்டாளிகளை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் படிப்பது. கரைவலையை இழுப்பார்கள், வீச்சுவலையை வீசுவார்கள், தூண்டிலைப் போடுவார்கள். 'கரைவலை வீசினான்' என்று ஒருவர் சொன்னால், அவர் கடற்கரைப் பக்கமே போகாதவர் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலத்திலும் இப்படித்தான். மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ரோங்', சாயம் கூடிய தேத்தண்ணிக்கும் 'ஸ்ட்ரோங்'. பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தேத்தண்ணிக்குப் 'பவர்ஃபுல்' போட்டால் இலக்கணம் தப்பாது. ஆனால் அப்படி யாரும் பேசுவதில்லை. 'மிட்டிகேட்' என்ற சொல்லைப் படிக்கிறீர்களா? அது ஆபத்தையோ பாதிப்பையோ குறைக்கும் இடத்தில் வரும், சாப்பாட்டில் உப்பைக் குறைக்கும் இடத்தில் வராது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கற்போருக்கென்றே தயாரித்த ஆங்கில-ஆங்கில அகராதிகளில் இந்தச் சேர்க்கைகளும் மாதிரி வசனங்களும் இருக்கும். ஆங்கில-தமிழ் அகராதியில் தொடங்குங்கள், தாராளமாக. அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

உச்சரிப்பில் நமக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஆங்கில 'டி' ஒலியை 'ர' போட்டு எழுதுவது ஈழத்து வழக்கம்: ரீச்சர், ரியூசன், ரிக்கற். அதே பழக்கத்தில் சொற்கொப்பியிலும் ஓசையைத் தமிழில் எழுதினால், தரவரிசைக்கும் 'ராங்க்', எண்ணெய்த் தாங்கிக்கும் 'ராங்க்'. இரண்டு மாதம் போனால் எது எதுவென்று எழுதியவருக்கே தெரியாது. எழுத்தைப் பார்த்து ஓசையை ஊகிப்பதும் இதே அளவு ஆபத்து. நுட்பமானது என்ற பொருளுள்ள 'சட்டில்' (subtle) என்ற சொல்லை எழுதும்போது நடுவில் 'பி' உண்டு, சொல்லும்போது இல்லை. 'எபிட்டமி'யை (epitome) 'எபிடோம்' என்று மனதில் பதித்துக்கொண்ட பிள்ளை, வேறொருவர் வாயில் அதைக் கேட்கும்போது தனக்குத் தெரிந்த சொல் என்றே அறியாமல் விட்டுவிடும். கைபேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டிக் கேளுங்கள். கேட்டபின் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

'இது எனக்குத் தெரியும்' என்று தாண்டிப் போகும் சொற்களிலும் பிழை ஒளிந்திருக்கிறது. 'கரண்ட்' நமக்கு மின்சாரம். நிலாவெளிக் கடலில் இறங்கப் போகிறவரிடம் 'ஸ்ட்ரோங் கரண்ட்' என்று எச்சரித்தால் அது நீரோட்டம். 'ஹோட்டல்' நமக்குச் சோறும் கொத்துரொட்டியும் கிடைக்கும் கடை. உப்புவெளிக்கு வரும் வெளிநாட்டவர் கேட்பது தங்க ஒரு அறை. 'அட்ரெஸ்' என்றால் முகவரி என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஒரு பிரச்சினையை 'அட்ரெஸ்' பண்ணுவது என்றால் என்ன என்று கேட்டால் உயர்தர வகுப்பே மௌனமாகிவிடுகிறது. அதைக் கையிலெடுத்துத் தீர்க்கப் பார்ப்பதுதான் அது. உயர்நிலைச் சொல் என்றால் நீளமான சொல் என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். வேலை விண்ணப்பத்தில் 'யூஸ்' வரவேண்டிய இடமெல்லாம் 'யூட்டிலைஸ்' வருவதும் அதனால்தான்.

முன்னொட்டை நம்பி ஊகிப்பதிலும் கவனம் வேண்டும். 'இன்விசிபிள்' காணமுடியாதது என்பதால் 'இன்ஃபிளேமபிள்' தீப்பற்றாதது என்று நினைக்கிறார்கள். அது எளிதில் தீப்பற்றுவது. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் ஊரில் இந்த ஒரு சொல்லை யாரும் பிழையாக விளங்கிக்கொள்ளக் கூடாது.

கடைசியாக, ஒரே இரவில் ஐம்பது சொல், அதுவும் அகரவரிசையில். 'அடப்ட்' (adapt), 'அடொப்ட்' (adopt), 'அடெப்ட்' (adept) மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் மூன்றும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, மறதியின் பெரும்பங்கு முதல் சில மணித்தியாலங்களிலேயே நடந்துவிடுகிறது என்று 1885இல் எழுதினார். வசனமில்லாமல் படித்த சொல் ஏறத்தாழ அந்த அசை மாதிரித்தான். நாளுக்கு ஐந்து சொல் போதும். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த கிழமை என்று விடையை மூடிக்கொண்டு நினைவுகூருங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஒரு சொந்த வசனம் எழுதுங்கள்.

அந்தப் பிள்ளை சமன்குறியை அழித்துவிட்டு இப்போது எழுதி வைத்திருக்கும் வசனம் இது: "எங்கள் தெருவில் திரியும் மான்கள், பூஞ்செடிகளைத் தின்பதில் நொட்டோரியஸ்."