ஹோம்ஸ்டே இணையதளத்துக்குப் படம் ஏற்றும் முன்

கொடைக்கானலிலோ குன்னூரிலோ ஹோம்ஸ்டேக்கு இணையதளம் போடுகிறீர்களா? போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். அகலத்தை 1600 பிக்சலாகக் குறைத்து, வெப்-பி (WebP) என்ற, கோப்பைச் சிறிதாக்கும் பட வடிவில் சேமித்து ஏற்றுங்கள். கூகுளின் ஸ்கூஷ் (Squoosh) என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே இதைச் செய்துவிடும்.

போன் படம் பெரும்பாலும் 4000×3000, அதாவது 1.2 கோடி பிக்சல். 1600×1200 ஆக்கினால் 19 லட்சம் சொச்சம்தான், ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கோப்பு சிறிதாவதால் பக்கம் சீக்கிரம் திறக்கும்; போன் திரையில் வித்தியாசமும் தெரியாது. மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு அறை தேடுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி! பக்கம் திறக்காவிட்டால் அவர் வேறு இடம் பார்த்துவிடுவார்.

அச்சடிக்கும் நோட்டீசுக்கு மட்டும் இது ஒத்துவராது. அதற்கு மூலப் படத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.