மழை மாதத்தில் தீபாவளி வேலை: முதலில் ஈரம், அப்புறம் முறுக்கு, கடைசியில் இனிப்பு

மலேசியாவின் பினாங்கில் தீபாவளி மழையோடுதான் வரும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் இந்தத் தீவில் கொட்டித் தீர்க்கும். வீடு துடைப்பது, பட்டுப் புடவையை வெளியே எடுப்பது, முறுக்கு சுடுவது எல்லாம் சரியாக அந்த நேரத்தில் வந்து நிற்கும். தீபாவளிச் சுத்தம் பற்றி எழுதுகிறவர்கள் ஒட்டடையிலும் தூசியிலும் தொடங்குவார்கள். ஆயர் ஈத்தாமில் மலையடிவாரத்து அடுக்குமாடியில் குடியிருக்கும் எனக்குத் தூசி ஒரு பொருட்டே இல்லை. ஒரு துடைப்பில் போய்விடும். ஈரம் அப்படிப் போகாது. அதனால் என் வரிசை இது: முதலில் வீட்டைக் காய வைப்பது, அது முடிந்தபின் எண்ணெய்ச் சட்டி, கடைசி இரண்டு நாளில் இனிப்பு. வரிசையை மாற்றினால் உழைப்பெல்லாம் வீண்.

மூன்று வாரம் இருக்கும்போதே அலமாரியில் கை வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரிக்குத்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். மழையில் நனைந்த சுவர் குளிர்ந்து கிடக்கும், பின்னால் காற்று ஓடாது. இரண்டு மூன்று விரல் இடைவெளி வரும்படி முன்னால் இழுத்துவிடுங்கள். பட்டுப் புடவையைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே உருவி எடுங்கள், உறை ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறது. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்தால் போதும். மழை விட்ட நாளில், நேர்வெயில் விழாத அறையில் விசிறியைப் போட்டு, நாற்காலி முதுகில் விரித்துக் காயவிட்டு, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் மாற்றி மடியுங்கள். அந்துருண்டை சரிகையில் படக்கூடாது, கறுத்துவிடும்.

மலிவு விலைக் கடைகளில் ஈரம் உறிஞ்சும் டப்பா விற்கிறார்கள். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு என்னும் உப்பு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரைந்து, அடியில் தண்ணீராகச் சேரும். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் இல்லை, உப்புக் கரைசல். தோல் பையில் பட்டால் பை கெடும், இரும்பில் பட்டால் துரு ஏறும். அதனால் டப்பாவைப் புடவைத் தட்டில் வைக்காமல் அலமாரியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டின்மேல் வையுங்கள்.

குளியலறைக் கல் இடுக்கில் படியும் கறுப்புக்கு ஒரு பங்கு கிளோராக்ஸ் என்னும் வெளுக்கும் திரவத்துக்குப் பத்துப் பங்கு பச்சைத் தண்ணீர். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, தடவி, பத்து நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "இதோடு இன்னொன்றையும் சேர்த்தால் இன்னும் பளிச்சென்று வரும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கிளோராக்ஸோடு வினிகரோ, கழிப்பறை கழுவும் அமிலத் திரவமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடுக்குமாடிக் குளியலறை எவ்வளவு சின்னது என்று உங்களுக்கே தெரியும். அதில் நின்றுகொண்டு சுவாசிக்கக்கூடிய சமாச்சாரம் இல்லை அது. மர அலமாரிக்குக் கிளோராக்ஸ் வேண்டாம், வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். எந்தப் பூஞ்சணத்தையும் காய்ந்த துணியால் தட்டாதீர்கள். அதன் தூள் அறை முழுக்கப் பறந்து வேறு மூலையில் முளைக்கும்.

ஏர்கோன் இருந்தால் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். ரிமோட்டில் சொட்டு நீர் படம் போட்ட ஒரு நிலை இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. அது அறையை அதிகம் குளிரவைக்காமல் ஈரத்தை இழுக்கும். மழை நாளில் அரைமணி நேரம் அதைப் போட்டால் துணி மணப்பது குறையும்.

சமையலறையில், அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியின் வலையைக் கொதிநீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு ஊறவைத்தால் போதும். பெரும்பாலும் அது அலுமினியம். சோடா மாவு போட்டால் நிறம் மங்கிக் கறுக்கும். குத்துவிளக்குக்குப் புளியும் உப்பும்தான். தேய்த்தபின் புளி ஒட்டியிருந்தால் மறுநாளே விளக்கு கறுத்துவிடும், அதனால் நன்றாக அலசி, உடனே துடைத்து, கடைசியில் காய்ந்த விபூதியால் ஒரு தேய்ப்பு. என் மாமியார் அப்படித்தான் செய்வார். கடையில் வாங்கும் பாலிஷ் எதுவும் அவரிடம் எடுபடவில்லை, என்னிடமும் இல்லை.

இப்போது முறுக்கு. அதிலும் சண்டை ஈரத்தோடுதான். கடை அரிசி மாவாக இருந்தாலும், பொட்டலத்தைப் பிரித்து நேரே பிசையாதீர்கள். குவாலியில், அதாவது வாணலியில், சின்னத் தீயில், நிறம் மாறாமல், கை பொறுக்காத சூடு வரும்வரை வறுத்து ஆறவிட்டுச் சலியுங்கள். நான்கு கப் அரிசி மாவுக்கு ஒரு கப் வறுத்து அரைத்த உளுந்து மாவு, எள், ஓமம், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய். வெண்ணெய் இதற்கு மேல் போனால் முறுக்கு எண்ணெயில் உதிரும். மாவை மொத்தமாகப் பிசைந்து வைக்காமல், பாதி பாதியாகப் பிசையுங்கள். பிசைந்த மாவு காத்திருந்தால் சிவந்துபோய் எண்ணெய் குடிக்கும்.

எப்போது எடுப்பது என்று புதிதாகச் சுடுகிற பெண்கள் கேட்பார்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், எண்ணெயைக் கேளுங்கள். முறுக்கைச் சுற்றி வரும் குமிழியெல்லாம் மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வருவதுதான். சலசலப்பு அடங்கினால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சலசலப்பு இருக்கும்போதே நிறம் வந்துவிட்டதென்று எடுத்தால், அன்றைக்கு மொறுமொறுவென்று இருக்கும், மூன்றாம் நாள் ரப்பர்தான். முழுக்க ஆறட்டும். ஆறியதும் தாமதிக்காமல் போத்தலில் போட்டு மூடுங்கள். சூட்டோடு போட்டால் மூடிக்குள் வியர்க்கும். ஆறிய பின்னும் தட்டில் வைத்துக் கதை பேசிக்கொண்டிருந்தால் மழைக்காற்று புகுந்துவிடும். சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல் பார்க்க அழகு, ஆனால் மூடி சில நேரம் சரியாக இறுகாது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்துத் திருகுங்கள். எப்படியும் நமத்துப்போய்விட்டால் ஓவனில் 150 டிகிரியில் பத்து நிமிடம், ஆறவிட்டு மூடுங்கள்.

சட்டியில் மிஞ்சும் எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நீங்கள் ஊற்றுவது கீழ்மாடிக்காரர் குழாயில் போய் அடைக்கும். ஆறவைத்து வடிகட்டிப் போத்தலில் சேருங்கள். பழைய சமையல் எண்ணெயை எடைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, இனிப்புக்கு வருவோம். எனக்கு அதிக அக்கறை இருப்பது இதில்தான், ஏனென்றால் என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. அவர் ஒருவருக்கு மட்டுமா? 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது, இந்தியர்களிடம்தான் மிக அதிகம். திறந்த இல்ல உபசரிப்பு வைத்தால் ஐந்து விருந்தாளிக்கு ஒருவராவது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். பாயாசக் கிண்ணத்தை நீட்டினால், வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டுக் குடித்துவிடுவார்கள்.

இதற்கு நான் கண்டுகொண்ட வழி, சர்க்கரையை உள்ளே கலக்காமல் பக்கத்தில் வைப்பது. கேசரியிலும் பாயாசத்திலும் இது நடக்காது. வெந்த சவ்வரிசிமேல் தேங்காய்ப் பாலும் குலா மெலாக்கா என்னும் தென்னை வெல்லப் பாகும் ஊற்றிச் சாப்பிடும் சவ்வரிசி குலா மெலாக்காவில் நடக்கும். நம் ஊர்ப் பலகாரம் இல்லையே என்று சில அக்காமார்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், பேரப்பிள்ளைகள் முதலில் கை வைப்பது அதில்தான்.

எட்டுப் பேருக்குச் சின்னமணிச் சவ்வரிசி 200 கிராம் எடுங்கள். ஊறவைக்க வேண்டாம், ஊறினால் கூழாகும். இரண்டு லிட்டர் தண்ணீரில் மணத்துக்குப் பாண்டான் (ரம்பை) இலையை முடிச்சுப் போட்டுக் கொதிக்கவிட்டு, நன்றாகக் கொதித்தபின் சவ்வரிசியைத் தூவிக் கிளறுங்கள். மணியெல்லாம் கண்ணாடியாகி நடுவில் வெள்ளைப் புள்ளி மட்டும் இருக்கும்போது அடுப்பை அணைத்து மூடி, பத்து நிமிடம் விடுங்கள். புள்ளியும் மறைந்துவிடும். வடிகட்டியில் ஊற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். இந்த அலசலை விட்டால் மறுநாள் பசைதான். சின்னக் கிண்ணங்களில் போட்டு ஐஸ்பெட்டியில் வையுங்கள்.

குலா மெலாக்கா 150 கிராமை நறுக்கி, 100 மில்லி தண்ணீரும் ஒரு பாண்டான் இலையும் சேர்த்துக் கரைத்து வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விடாதீர்கள், கசடு இருக்கும். கெட்டித் தேங்காய்ப் பால் 250 மில்லியில் இரண்டு சிட்டிகை உப்புப் போட்டுச் சின்னத் தீயில் சூடாக்குங்கள். கொதித்தால் திரியும். பாலை ஒரு ஜாடியில், பாகை இன்னொரு ஜாடியில் ஊற்றி, பாகுக்குப் பக்கத்தில் தேக்கரண்டி போடுங்கள். பெரிய கரண்டி போட்டால் எல்லாரும் பெரிய கரண்டியாகத்தான் ஊற்றுவார்கள். யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவரவர் ஊற்றிக்கொள்ளட்டும், யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு விஷயம் மறைக்காமல் சொல்கிறேன். குலா மெலாக்கா இயற்கையானது, இனிப்பு நீர்க்காரர்களுக்கு ஒன்றும் செய்யாது என்று பசாரில் சொல்வார்கள். அதுவும் சர்க்கரைதான். சவ்வரிசியும் வெறும் மாவுச்சத்து. சரவாக்கின் சாகோ மர மணியானாலும் சரி, மரவள்ளி மாவில் செய்த மணியானாலும் சரி, சோறு சாப்பிட்ட கணக்குத்தான். கிண்ணம் சின்னதாக இருக்கட்டும்.

என் வீட்டுக்காரருக்கென்று நான் செய்வது அகார்-அகார், கடற்பாசித் தூளில் உறையவைக்கும் இனிப்பு. பத்துக் கிராம் தூளை 700 மில்லி பச்சைத் தண்ணீரில் கரைத்து, பாண்டான் இலை போட்டு, தூள் முழுக்கக் கரையும்வரை இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். 60 கிராம் சர்க்கரை போதும். பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள். அடுப்பை அணைத்து 300 மில்லி தேங்காய்ப் பாலும் ஒரு சிட்டிகை உப்பும் ஊற்றிக் கிளறி, சூட்டோடு தட்டில் கொட்டி அசைக்காமல் விடுங்கள். பச்சைத் தேங்காய்ப் பாலாக இருந்தால் கொழுப்பு தானாக மேலே மிதந்து, மேலே வெள்ளையும் கீழே கண்ணாடியுமாக இரண்டு அடுக்கு வரும். இது கடற்பாசி, 40 டிகிரிக்கும் கீழே வந்தால்தான் உறையும், திரும்ப உருக 85 டிகிரி வேண்டும். ஜெலட்டின் போல நம் வெயிலில் ஒழுகாது. விலங்குப் பொருள் எதுவும் இல்லாததால் சைவக்காரர்களும் சாப்பிடலாம், கீழ்வீட்டு மலாய்க்கார அம்மாவும் ஹலாலா என்று கேட்காமல் எடுப்பார். ஆனால் உள்ளே தேங்காய்ப் பால் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுங்கள்.

சாப்பாட்டுத் தட்டுக்குச் சுகாதார அமைச்சு சொல்லும் சுக்கு-சுக்கு-செபாரோ கணக்கே போதும்: கால் தட்டு சோறோ இட்லியோ, கால் தட்டு கறியோ மீனோ, பாதித் தட்டு காயும் பழமும். தீபாவளியன்று அந்தப் பாதிதான் காணாமல் போகும். ஆட்டுக்கறி மணத்தில் காய்கறி யாருக்கு ஞாபகம் வரும்? அதனால் வெள்ளரிக்காய், கேரட், பாங்குவாங் கிழங்கு நறுக்கி முதலிலேயே மேசையில் வையுங்கள், பேசிக்கொண்டே காலியாகிவிடும். குடிக்க சிரப்புக்குப் பதிலாக எலுமிச்சை வட்டம் போட்ட குளிர்ந்த தண்ணீர், சூடாக வேண்டுமென்றால் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர். கெட்டியான இனிப்பு டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை, அதை ஊற்றிவிட்டு "நான் சீனி போடவில்லை" என்று சொல்வது நியாயமில்லை. இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் எண்ணெய்க் குளியல், கோயில் என்று பசியாறாமல் அலையவே கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். கோயிலுக்குக் கிளம்புமுன் இரண்டு இட்லியாவது சாப்பிட வையுங்கள்.

தேங்காய்ப் பாலுக்கு ஒரு வார்த்தை. பசாரில் பிழிந்து தருவதை நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ்பெட்டியில் வையுங்கள், வழியில் புடவைக் கடையில் ஏறினால் புளித்துவிடும். பெருநாளன்று பிழிகிற கடை மூடியிருக்கலாம், இரண்டு பெட்டிப் பால் கையில் இருக்கட்டும்.

விருந்து முடிந்தபின் பலரும் மறப்பது வாசல் அகல் விளக்குகள். ஐந்தடியில், அதாவது வாசல் நடைபாதையில், விட்டுவிட்டால் சாரல் மழை நிறைந்து ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை தண்ணீருக்கு மேலே ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் பயனில்லை, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். பாத்திரம் காயவைக்கும் தட்டையும் பூச்சட்டித் தட்டையும் வாரம் ஒரு முறை அப்படியே தேயுங்கள்.

மிஞ்சிய பாகு போத்தலில் ஐஸ்பெட்டியில் ஒரு வாரம் இருக்கும், அகார்-அகார் மூன்று நாள். ஐஸ்பெட்டியை விட்டு வெளியே வராத தேங்காய்ப் பால் மிஞ்சினால் அன்று இரவே மீன் குழம்பில் ஊற்றிவிடுங்கள். மறுநாள் யாருக்கும் மறுபடி ஆட்டுக்கறி இறங்காது.