லார்வா ஒட்டவில்லையா? வேதித் தூண்டல் சோதனையை இப்படிச் செய்து பாருங்கள்

சிப்பி, கடல் நத்தை போன்றவற்றின் நீந்தும் குஞ்சுதான் லார்வா; ஏதாவது ஒரு ரசாயனத்தைப் போட்டால் அது தரையில் ஒட்டி உருமாறுகிறதா என்று பார்ப்பதே இந்தச் சோதனை. முதல் தடவை நான் செய்தபோது, கிண்ணத்தின் அடியில் அசையாமல் கிடந்ததையெல்லாம் "ஒட்டியவை" என்று எண்ணி நோட்டில் எழுதிவிட்டேன். மறுநாள் பார்த்தால் பாதி செத்துப்போனவை. அதனால் எண்ணும் முன் பைப்பெட்டால் மெதுவாக நீரைப் பீய்ச்சுங்கள், உருண்டு ஓடினால் அது கணக்கில் இல்லை.

அதைவிட முக்கியம் வயது. பருவம் வராத லார்வா எந்த ரசாயனத்தையும் திரும்பிக்கூடப் பார்க்காது. சிப்பி லார்வா என்றால் கண் புள்ளி கறுத்துத் தெரிய வேண்டும், காலை வெளியே நீட்டித் தரையைத் தடவ வேண்டும்.

சரி, எதைப் போடுவது? அது உயிரினத்துக்கு உயிரினம் மாறும். அபலோன் என்ற கடல் நத்தைக்கு காபா (GABA, நரம்பு செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம்) வேலை செய்யும் என்பது 1979-லேயே தெரிந்துவிட்டது. கடலில் அது தேடுவது பாறையில் இளஞ்சிவப்பாகப் படர்ந்திருக்கும் சுண்ணாம்புப் பாசியை. காபா அதற்கு ஒரு கள்ளச்சாவி மாதிரி. 10.3 மி.கி. காபாவை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அதிலிருந்து 10 மைக்ரோலிட்டரை 10 மி.லி. கடல்நீரில் விட்டால் 1 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) வந்துவிடும். கடல்நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாக்டீரியா காபாவைத் தின்றுவிடும்.

சிப்பிக்கு எபிநெஃப்ரின் (அட்ரினலின்தான்), 100 மைக்ரோமோலார். இங்கேதான் வேடிக்கை: லார்வா எதிலும் ஒட்டாமலே உருமாறிவிடும்! எல்-டோபா என்ற இன்னொரு ரசாயனத்தைக் கொடுத்தால் ஒட்டுவதற்கு இடம் தேடித் தவழவும் செய்யும், உருமாறவும் செய்யும். ஆகவே ஒட்டியது, உருமாறியது என்று நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். எல்-டோபா கடல்நீரில் சீக்கிரம் கறுத்துக் கெட்டுவிடும், அன்றன்றைக்குக் கரைப்பதே நல்லது.

பொட்டாசியம் குளோரைடைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தாலும் பல லார்வாக்கள் உருமாறும். ஆனால் அது நரம்பு செல்லை நேரடியாகத் தட்டிவிடுவதுதான், கடலில் லார்வாவுக்கு 'இங்கே ஒட்டு' என்று சொல்லும் இயற்கையான குறிப்பு அதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பாறையிலும் கிண்ணத்திலும் வழவழப்பாகப் படியும் பாக்டீரியாப் படலத்தைச் சோதிக்கிறீர்களா? படலம் ஊறிய நீரை வடிகட்டித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், படலத்தை இன்னொன்றில். நீர் மட்டும் போதுமென்றால் குறிப்பு கரைந்து வருகிறது. இல்லையென்றால் தொட்டால்தான் தெரியும் ரகமாக இருக்கலாம். ஹைட்ராய்டெஸ் எலிகன்ஸ் என்ற குழாய்ப்புழுவுக்கு அப்படித்தான், ஒரு பாக்டீரியா உண்டாக்கும், வைரஸ் வால் போன்ற ஊசி அமைப்புகளே அதைத் தூண்டுகின்றன.

எதுவும் சேர்க்காத கடல்நீர்க் கிண்ணம் கட்டாயம் வேண்டும். சோதிக்கும் ஒவ்வொரு வகைக்கும் ஐந்து கிண்ணம், கிண்ணத்துக்கு 20 லார்வா போதும். நெருக்கினால் ஒன்றைப் பார்த்து ஒன்று ஒட்டி கணக்கைக் கெடுக்கும். 24 மணியிலும் 48 மணியிலும் எண்ணுங்கள், நீர்ப்பரப்பில் சிக்கி மிதப்பவற்றையும் விட்டுவிடாமல்.