புகை அடித்தால் டிங்கி குறையுமா? சிஸ்டமேட்டிக் ரிவியூவைத் தேடிப் படிப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். பக்கத்தில் யாருக்காவது டிங்கி (டெங்குக் காய்ச்சல்) என்று தெரிந்தால் அந்தி நேரத்தில் புகை மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆள் வந்துவிடுவார், நாங்களும் அவசர அவசரமாகக் கதவையும் சன்னலையும் சாத்திவிடுவோம். ஆனால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசு பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கும், கட்டிலுக்கு அடியிலும் மாட்டியிருக்கும் சட்டைக்குப் பின்னாலும். போன மாதம் பொதுச் சுகாதாரம் படிக்கும் அக்கா மகள், "சின்னம்மா, புகை அடித்தால் டிங்கி குறையுமா? ஒரு கட்டுரையில் குறையும் என்று இருக்கிறது, இன்னொன்றில் இல்லை என்று இருக்கிறது, புராஜெக்டில் எதை எழுதுவது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரே ஒரு ஆய்வை நம்பாதீர்கள், சிஸ்டமேட்டிக் ரிவியூவைத் தேடுங்கள். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, எங்கே தேடுவோம், எதைச் சேர்ப்போம், எதை ஒதுக்குவோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்து, கிடைக்கும் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடை போடுவதுதான் அது. இதன் அருமை தெரிய வேண்டுமானால் குறைமாதக் குழந்தைகளின் கதையைக் கேளுங்கள். குறைமாதப் பிரசவம் ஆகப்போகிற தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று நியூசிலாந்து ஆய்வு ஒன்று 1972லேயே காட்டியது. அப்புறமும் பல ஆய்வுகள் வந்தன. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த ரிவியூ 1989இல்தான் வெளியானது. அதுவரை பெரும்பாலான மருத்துவர்களுக்கு அதன் பலன் தெரியவே இல்லை. எத்தனை குழந்தைகள் வீணாகப் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது. இப்படிப்பட்ட ரிவியூக்களைத் தயாரிக்க 1993இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இருப்பது அந்த ஆய்வுகளின் படம்தான்.

முதல் வேலை, கேள்வியைச் சரியாகப் போடுவது. யாருக்கு, என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம் என்று நான்கையும் தாளில் எழுதுங்கள். நான்காவதில்தான் பலரும் தடுமாறுவார்கள். கொசு குறைந்ததா என்பது ஒரு கேள்வி, காய்ச்சல் வந்தவர்கள் குறைந்தார்களா என்பது வேறு கேள்வி. நமக்கு வேண்டியது இரண்டாவது.

அடுத்தது தேடல். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் இலவசம், காக்ரேன் நூலகத்தில் சுருக்கங்களையாவது இலவசமாகப் படிக்கலாம், எளிய நடைச் சுருக்கங்கள் சில மலாயிலும் தமிழிலும்கூட இருக்கின்றன. அக்கா மகள் 'ஃபாகிங்' என்று மட்டும் போட்டுத் தேடிவிட்டு ஒன்றும் உருப்படியாக இல்லை என்று உட்கார்ந்திருந்தாள். ஆய்வாளர்கள் இதை 'ஸ்பேஸ் ஸ்ப்ரேயிங்' என்று எழுதுவார்கள். இரண்டு சொல்லையும் நடுவில் 'ஆர்' போட்டு அடைப்புக்குள் வைத்து, 'டெங்கு' என்பதை 'ஆண்ட்' போட்டுச் சேர்த்து, இடப்பக்க வடிகட்டியில் 'சிஸ்டமேட்டிக் ரிவியூ' என்பதை டிக் செய்தால் பட்டியல் கைக்கு அடக்கமாகிவிடும்.

அப்படிக் கிடைப்பதில் ஒன்று 2010இல் வந்தது. வீட்டைச் சுற்றிப் புகை அடிப்பது பற்றி 15 ஆய்வுகள். அவற்றில் 13இல் கொசுப்புழு அளவுகள் குறைந்தன, ஆனால் அது ரொம்ப நாள் நிலைக்கவில்லை. மனிதர்களுக்கு வந்த நோயை அளந்தது ஒரே ஒரு ஆய்வுதான், அதிலும் பலன் புகையால் மட்டுமே வந்தது என்று சொல்ல முடியவில்லை. இத்தனை காலமாகப் புகை அடிக்கிறோம், காய்ச்சலை எண்ணிப் பார்த்தது ஒன்றே ஒன்று!

ரிவியூவும் நல்லதா என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட தரவுத்தளங்களில் தேடினார்களா, இரண்டு பேர் தனித்தனியாக ஆய்வுகளைத் தேர்ந்தார்களா, ஒவ்வொரு ஆய்வின் தரத்தையும் சோதித்தார்களா, இதெல்லாம் செய்முறைப் பகுதியிலேயே இருக்கும். திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்யும் பிராஸ்பெரோ தளம் 2011இல்தான் வந்தது, அதனால் அதற்கு முந்திய ரிவியூவில் பதிவைத் தேடாதீர்கள். பிரிஸ்மா படத்தையும் பாருங்கள். எத்தனை கட்டுரையில் தொடங்கி எத்தனையில் முடித்தார்கள், நடுவில் விட்டதை ஏன் விட்டார்கள் என்பது அதில் தெரியும்.

இனி எண்கள். புதியவர்கள் மிரண்டுபோவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 2016இல் வந்த இன்னொரு ரிவியூ டிங்கிக் கொசுக் கட்டுப்பாடு பற்றிய 41 ஆய்வுகளை எடுத்தது, கூட்டிக் கணக்கிட முடிந்தது 19ஐத்தான். வீட்டுக்கு வலை அடிப்பதற்கு வந்த விகிதம், அதாவது டிங்கி வரும் வாய்ப்பை அதைச் செய்யாத இடத்தோடு ஒப்பிடும் எண், 0.22. ஊர் மக்கள் சேர்ந்து சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்வதோடு தண்ணீர்ப் பாத்திரங்களை மூடியும் வைத்ததற்கும் அதே 0.22. 1 என்றால் வித்தியாசம் இல்லை, அதற்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு. அப்போ இரண்டும் ஒன்றுதானா? இல்லை. வலைக்கு உண்மை அளவு 0.05 முதல் 0.93 வரை எங்கேயும் இருக்கலாம், மூடிக்கு 0.15 முதல் 0.32 வரைதான். இந்த அளவுகளைக் கோடுகளாக வரைந்து காட்டும் 'ஃபாரஸ்ட் பிளாட்' படத்தில் வலையின் கோடு நீண்டு 1 என்ற செங்குத்துக் கோட்டைத் தொடப் பார்க்கும், மூடியின் கோடு குட்டையாகத் தள்ளி நிற்கும். கோடு குட்டையாக இருந்தால் கணக்கு உறுதி. அதற்காக ஆய்வின் தரமும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, சான்றை எவ்வளவு நம்பலாம் என்று தரம் பிரிக்கும் கிரேட் மதிப்பீட்டையும் பார்க்க வேண்டும்: உயர்வு, மிதம், குறைவு, மிகக் குறைவு என்று நான்கு படி.

இதையெல்லாம் படித்துவிட்டு அக்கா மகள், "அப்போ புகை அடிப்பது வீண் என்று எழுதிவிடவா?" என்றாள். எழுதக் கூடாது. பலன் உண்டு என்பதற்குச் சான்று போதவில்லை என்பது வேறு, பலன் இல்லை என்று நிரூபணமாகிவிட்டது என்பது வேறு. இந்த வித்தியாசத்தைத் தப்பாக எழுதினால் அதை நம்பி முடிவெடுக்கும் ஊருக்குத்தான் கேடு.

கடைசியாக, அந்த ஆய்வுகள் நடந்த இடம் நம் இடம் மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். லயத்து வீடுகளில் மழைத் தண்ணீர் பிடிக்கும் டிரம், பூந்தொட்டித் தட்டு, வாசலில் கிடக்கும் பழைய டயர் எல்லாவற்றிலும் முட்டை இடும் கொசு இது. அக்கா மகள் இப்போது சனிக்கிழமை காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போகிறாள், எத்தனை டிரம் இருக்கிறது, எத்தனைக்கு மூடி இருக்கிறது என்று எண்ண.