சம ஊதியம் பற்றி ஆய்வு செய்யப் போகிறீர்களா? இங்கிருந்து தொடங்குங்கள்

வேலையிடப் பாகுபாடு பற்றி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிற பலரும் முதல் ஆறு மாதத்தை அரசமைப்புச் சட்டத்தின் 14, 15, 16 பிரிவுகளை விளக்கி எழுதியே தீர்த்துவிடுகிறார்கள். அந்த அத்தியாயம் எல்லா ஆய்வேட்டிலும் இருக்கிறது, நெறியாளரே புரட்டிவிட்டுப் போய்விடுவார். 'இந்தியாவில் பெண் தொழிலாளர் உரிமைகள்' என்பதெல்லாம் தலைப்பே இல்லை. ஒரே முதலாளியிடம் ஒரே மாதிரி வேலைக்கு ஏன் இரண்டு சம்பளம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள், உருப்படியாக ஏதாவது கிடைக்கும்.

சட்டத்துக்கு முன்னால் ஒரு தீர்ப்பை முழுசாகப் படியுங்கள். என்னைக் கேட்டால் மெக்கின்னன் மெக்கன்சி எதிர் ஆட்ரி டி'கோஸ்டா, உச்ச நீதிமன்றம், 1987. இந்தியன் கானூன் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிடக் குறைந்த சம்பளம், அதுதான் வழக்கு. படிக்கும்போது கடைசிப் பத்திக்கு ஓடாமல் நிறுவனம் சொன்ன சாக்குகளை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள்: ஒன்று, இவர்கள் மேலதிகாரிகளுக்கான அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர்கள், இந்த வேலையில் ஆண்களே இல்லை, யாரோடு ஒப்பிடுவது; இரண்டு, தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தானே சம்பளம் வைத்தோம்; மூன்று, இவ்வளவு கொடுக்க நிதிநிலை இடம் தராது. மூன்றையும் நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனால் இன்றைக்கு எந்த மனிதவளத் துறையில் போய்க் கேட்டாலும் இதே மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும், அதனால் இந்தத் தாள்தான் உங்கள் கேள்விப் பட்டியலின் முதல் வரைவு.

அப்புறம் சட்டம். 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டம் இப்போது இல்லை. அதை உள்வாங்கிய 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு பிரிவு எண் போட்டீர்கள் என்றால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ஒரே மாதிரியான வேலை' என்பதற்குப் பழைய சட்டம் திறன், உழைப்பு, பொறுப்பு என்று மூன்று அளவுகோல் வைத்தது. புதியது 'அனுபவம்' என்று நான்காவதைச் சேர்த்திருக்கிறது. குழந்தை பிறந்து இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிற பெண்ணுக்கு இந்த நான்காவது என்ன செய்யும்? இது ஒன்றே ஒரு ஆய்வேட்டுக்குப் போதும் என்பது என் கணக்கு.

களத்துக்குப் போகும்போது இந்த நான்கு அளவுகோலுக்கும் நோட்டில் நான்கு கட்டமாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பதவிப் பெயரை நம்பாதீர்கள். கட்டட வேலை நடக்கிற இடத்தில் உட்கார்ந்து, யார் மணல் சலிக்கிறார், யார் கலவை போடுகிறார், யார் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாரம் ஏறுகிறார், ஆள்கள் கிளம்பின பிறகு சாமான் கழுவி வைக்கிறது யார் என்று மணிக்கணக்கோடு எழுதுங்கள். ஆண் உதவியாளுக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு ஒரு கூலி என்றால் 'அவன் கனமான வேலை பார்க்கிறான்' என்பார் மேஸ்திரி. உங்கள் நோட்டில் கனத்தை யார் சுமந்தார் என்று இருக்க வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள், சனிக்கிழமை கூலியைக் கொடுப்பது யார்? சட்டம் ஒரே முதலாளியின் கீழ்தான் ஒப்பிடச் சொல்கிறது. ஆளாளுக்கு வேறு ஒப்பந்தக்காரர் என்று காட்டிவிட்டால் பாதி வழக்கு அங்கேயே காலி.

அரசு அலுவலக ஆவணங்களுக்கு 10 ரூபாய் செலவில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 30 நாளில் பதில் வர வேண்டும். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்டால் ஒன்றும் வராது. தொழிலாளர் துறை எத்தனை சோதனை நடத்தியது, சோதனைக் குறிப்பின் நகல் கொடுங்கள் என்று கேளுங்கள். 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி நிறுவனங்கள் மாவட்ட அலுவலருக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கை எத்தனை வந்தது என்பதையும் இதே வழியில் வாங்கலாம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் வசந்தா வழக்கையும் விட்டுவிடாதீர்கள். பெண்களை இரவு ஷிப்டில் வைக்கக் கூடாது என்று அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவுத் தடையை அது செல்லாது என்றது, ஆனால் முதலாளிக்குப் பாதுகாப்பு நிபந்தனைகளையும் போட்டது. பாதுகாப்பு என்ற பெயரில் வேலையை மறுப்பதைப் பற்றி எழுதுகிறவர் இதைப் படிக்காமல் எழுதக் கூடாது.

கடைசியாக, பேட்டி எடுப்பவர்களுக்கு. கம்பெனி பஸ்ஸிலோ வாசலிலோ பேச வேண்டாம், மேற்பார்வையாளர் பார்த்தாலே அந்தப் பெண்ணுக்குத்தான் சிக்கல். சம்பளச் சீட்டைப் போட்டோ எடுத்தால் எண்களைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே அழித்துவிடுங்கள். சிறு பிரிவு என்றால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது, ஊர், வயது, சேர்ந்த வருடம் மூன்றையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பாலியல் புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடுவதை அந்த 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவே தடுக்கிறது. ஆய்வேட்டுக்கு மட்டும் விலக்கு என்று அதில் எங்கேயும் இல்லை.