ஓலையில் உள்ளது உள்ளபடி

எங்கள் வீட்டு மருத்துவச் சுவடியைப் படியெடுத்தபோது, எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் புள்ளி இடப்படாமலும், எகர ஏகார வேறுபாடின்றியும், துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவும் இருந்த வரிகளை, நான் நேரடியாக இக்கால எழுத்துக்கு மாற்றிக்கொண்டே போனேன். ‘பரல்’ என்று நான் எழுதிய இடத்தில் ‘பால்’ என்பதே பொருந்தும் என்று எங்கள் பெரியப்பா காட்டியபோது, என் படியில் எது ஓலையின் எழுத்து, எது என் ஊகம் என்று பிரித்தறிய வழியில்லை. மருந்துக் குறிப்பில் இது சிறு பிழையன்று.

முதலிலிருந்து மீண்டும் தொடங்கினேன். ஏட்டு எண், பக்கம், வரி எண் ஆகியவற்றுடன், புள்ளியைக்கூடச் சேர்க்காமல் ஓலையில் உள்ளதை ஒரு பத்தியிலும், என் வாசிப்பை அடுத்த பத்தியிலும் எழுதினேன். பூச்சி அரித்த இடங்களை நிரப்பாமல், அடைப்புக்குள் புள்ளிகளாக விட்டேன். இப்போது பெரியப்பா ஐயுறும் சொல்லை உடனே ஓலையோடு ஒப்பிட முடிகிறது.