கவிதையில் மரணம்: முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

மரணம் பற்றிய கவிதைக்கு விளக்கம் எழுதும்போது, ‘இது வாழ்வின் நிலையாமையைச் சொல்கிறது’ என்று தொடங்காதீர்கள். அந்த வரி எந்தக் கவிதைக்கும் பொருந்தும். அதனால் எந்தக் கவிதையையும் விளக்காது.

முதலில், இறப்பு எந்த வரியில் வருகிறது என்று பென்சிலால் குறியுங்கள். புறநானூறு 242இல் மொத்தம் ஆறு வரிகள். வீரன் சாத்தன் ‘மாய்ந்த’ செய்தி ஐந்தாவதில்தான் வருகிறது. அதற்கு முன்பே, பூவை யாரும் பறிக்கவில்லை, சூடவில்லை என்று சொல்லும் சூடார், கொய்யார், சூடான், அணியாள் என நான்கு எதிர்மறை வினைகள் வந்துவிடுகின்றன. நின்றுபோன செயல்களை முதலில் காட்டி, காரணத்தைப் பிறகு சொல்கிறார் புலவர். துக்கம் இந்த வரிசையில்தான் இருக்கிறது. உங்கள் விளக்கத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம்.

அடுத்து, பாடல் யாரிடம் பேசுகிறது? ‘முல்லையும் பூத்தியோ’ என்று பூவைக் கேட்கிறது. மனிதர் எல்லாம் நிறுத்திய பிறகும் இயற்கை நிறுத்தவில்லை என்ற ஆற்றாமை அது. இங்கே பலர் சறுக்குவார்கள்: முல்லை என்றதும் அகத்திணையின், அதாவது காதல் பாடல்களின், ‘காத்திருத்தல்’ பொருளை ஏற்றிவிடுவார்கள். இது புறப்பாடல், துறை (பாடலின் சூழலைச் சொல்லும் வகை) கையறுநிலை, அதாவது இறந்தவரை எண்ணிப் புலம்புவது. துறைக் குறிப்பைப் பார்த்தபின்பே குறியீட்டைத் தொடுங்கள்.

இறப்பைக் குறிக்கும் வினையே இல்லாத பாடலும் உண்டு. தந்தை பாரியை இழந்த மகளிர் பாடிய புறநானூறு 112இல் ‘எந்தையும் இலமே’ (எங்கள் தந்தையும் இல்லை) என்பதோடு சரி. அங்கே ‘அற்றை’ (அன்று), ‘இற்றை’ (இன்று) என்ற இரு நிலவுகளை எதிரெதிரே எழுதி, நடுவே எது மாறியது, எது மாறவில்லை என்று பாருங்கள்.